பதினோராவது மல்லாட்டை

தேர்தலில் இருவருக்குச் சமமான வாக்குகள் விழுந்தால், அதை நடத்தும் அலுவலர் அங்கேயே சீட்டுக் குலுக்க வேண்டும். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொண்டு முடிவை அறிவிக்க வேண்டும். சட்டத்தில் இதற்குத் தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. பிரிவின் எண்ணை யாரும் கேட்காமலேயே சொல்லக்கூடியவன் நான் என்பது நம் காலை நடைக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். இந்த ஒருமுறை விட்டுவிடுகிறேன்.

அந்த விதி என் பத்தாவது வயதில், ஒரு காணும் பொங்கலன்று, செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் அமலாகியிருக்க வேண்டும். அமலாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைப் போன மாதம் அதே அடிவாரத்தில் உட்கார்ந்து உங்களுக்குச் சொன்னேன். அப்படிச் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. நேரில் சொன்னால் நம்மில் பாதிப் பேர் நடுவில் புகுந்து பேச ஆரம்பித்துவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

அன்றைக்கு வராதவர்களுக்காக முதலில் நாம் மலைக்குப் போன கதை. விழுப்புரத்தில் இருந்து வேன் பிடித்துப் போனோம். எட்டுப் பேர், எட்டுப் பேரும் ஓய்வூதியர்கள், எட்டுப் பேர் முழங்காலிலும் ஏதோ ஒன்று தடவியிருந்ததால் வேனே தைல வாசனையாக இருந்தது. வேனை விட்டு இறங்கியதில் இருந்து திரும்ப ஏறும்வரை அரசியல் பேசக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டோம். வாசகத்தை எழுதியவன் நான்தான், ஓட்டை எதுவும் வைக்கவில்லை. நிபந்தனை முதல் மண்டபம் வரை தாக்குப்பிடித்தது. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நம் வங்கி மேலாளர், இந்தக் கோட்டையைக் கட்டியவன் மாதிரி ஒரு பலமான ஆள் வந்தால்தான் நாடு உருப்படும் என்றார். கட்டியவனும் போனான், பிடித்தவனும் போனான், கோட்டையில் இப்போது குரங்குதான் இருக்கிறது என்றார் நம் தலைமையாசிரியர். அதற்குப் பிறகு மாற்றம் வேண்டும் என்று ஒருவர், இருப்பதும் போய்விடும் என்று ஒருவர். கைபேசியில் வந்ததை எடுத்துக் காட்டினார்கள். ஒரே செய்தி இரண்டு பேர் கைபேசியிலும் வந்திருந்தது. எண்கள் மட்டும் வேறாக இருந்தன. கடைசியில் மேலாளர் கோபித்துக்கொண்டு மேலே போனார். தலைமையாசிரியர் கோபித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டில் மேலே போனவரிடம் மாட்டிக்கொண்டது.

எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. இதே இரண்டு கட்சிகள் இதே இடத்தில் மோதிக்கொண்டதை நான் முன்பே பார்த்தவன். அதனால்தான் தலைமையாசிரியரை ஆற்றுவதற்காகப் பழைய கதையை எடுத்தேன்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பா தாலுக்கா ஆபீசில் கிளார்க்கு. தேர்தல் வந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் சுண்ணாம்பும் காவியும் பூசிச் சின்னம் வரைந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஈரம் காயாத சுவரில் கை வைத்துப் பார்ப்போம். எந்தக் கட்சி நிறம் கையில் ஒட்டுகிறதோ அன்றைக்கு அந்தக் கட்சி. அரசு ஊழியர் கட்சி சார்ந்து நடக்கக் கூடாது என்பது நடத்தை விதி. அப்பா ஒருநாளும் கட்சி பேசியதில்லை. ஆனால் வீட்டுக்குள் தனியாக இருக்கும்போதுகூட 'முதலமைச்சர் அவர்கள்' என்றுதான் சொல்வார். அதை வைத்தே அவர் எந்தப் பக்கம் என்று தெருவுக்குத் தெரியும்.

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. அவர் வைத்திருந்தது வேர்க்கடலை மண்டி. பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும். நாங்கள் மல்லாட்டை மண்டி என்போம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அது எதிர்க்கட்சியின் அலுவலகம். மூட்டைமேல் ஏறி நின்று அவர் பேசுவதைக் கேட்கக் கூட்டம் சேரும். பேசிக்கொண்டே கையில் இருப்பதை உடைத்துத் தின்பார். ஆட்சி மாறும் என்பதற்கும் தோல் கீழே விழுவதற்கும் ஒரு தாளம் இருக்கும். அவர் என் அப்பாவை 'மாமா' என்று கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் அக்காள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவது. அப்பா அவரை மச்சான் என்பார். தேர்தல் நெருங்க நெருங்க மாமாவும் குறைந்தது, மச்சானும் குறைந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாமா அம்மாவுக்குச் சீர் கொண்டுவருவது வழக்கம். அந்த வருடம் வருவாரா என்றே அம்மாவுக்குச் சந்தேகம். நடுவில் ஓர் ஆளை அனுப்பினாள், பதில் சரியாக வரவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வருடக் காணும் பொங்கலுக்கு ஆபீஸ்காரர்களும் மண்டிக்காரர்களும் குடும்பத்தோடு சேர்ந்து செஞ்சி மலைக்குப் போவது. கட்டுச்சோறு அவள் பொறுப்பு. மலை ஏறும்போது மூச்சு வாங்கும், பேச முடியாது, சண்டையும் வராது என்பது அவள் கணக்கு.

விடியற்காலையே எழுந்து புளிச்சோறு கிளறினாள். பஸ்ஸில் அந்த வாசனையும் மாமா கொண்டுவந்த அவித்த மல்லாட்டையின் உப்பு வாசனையும் கலந்து வந்தன. பை நிறைய இருந்தது. அடியில் இருந்து சொட்டிய ஈரம் என் டிராயரை நனைத்துவிட்டதும் நினைவிருக்கிறது.

அடிவாரத்தில் ஒரே திருவிழாக் கூட்டம். கரும்புச் சக்கையை மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இறங்கிய உடனே தகராறு ஆரம்பித்தது. நீங்கள் பார்த்ததுதான்: ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை, இந்தப் பக்கம் ஒரு மலை. பெரியது ராஜா கோட்டை, சிறியது ராணிக் கோட்டை.

"இன்னா மாமா, இவ்ளோ தூரம் வந்துட்டு சின்ன மலையில ஏறிட்டுப் போறதா? ஊர்ல போயி இன்னா சொல்றது?" என்றார் மாமா.

"பொம்பளைங்க இருக்காங்க, புள்ளைங்க இருக்காங்க. பெரிய மலையில ஏறி எவனாவது கால ஒடிச்சிக்கினா ஆரு தூக்கறது?" என்றார் அப்பா.

"இப்பிடித்தான் இருபது வருசமா பயமுறுத்திக்கினு கீறீங்க."

அதற்குப் பிறகு மலையைப் பற்றி யாரும் பேசவில்லை. மண்டிக்காரர்கள் மாமா பின்னால் நின்றார்கள், ஆபீஸ்காரர்கள் அப்பா பின்னால். ஒரு பக்கம் துணிச்சல், மறுபக்கம் பத்திரம். அந்த நாளில் இருந்து இன்றுவரை நான் வேலை பார்த்த எல்லாத் தேர்தல்களிலும் இந்த இரண்டு மலைகள்தான் மாறி மாறி நின்றிருக்கின்றன. பெயர்ப்பலகை மட்டும் மாறும். நடுவில் அம்மா, குளத்தங்கரை நல்ல நிழலாக இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று சொன்னாள். அது வேட்புமனு தாக்கல் ஆகாத யோசனை, யாரும் பரிசீலிக்கவில்லை.

அப்பாவுக்கு அந்த வாரம்தான் வாக்குச்சாவடி அலுவலர் பயிற்சி முடிந்திருந்தது. பயிற்சி முடிந்து சாவடி கிடைக்காத ஆளின் கை எப்படித் துறுதுறுக்கும் என்று நம்மில் நான்கு பேருக்காவது தெரியும். ஓட்டுக்கு விட்டுவிடலாம் என்றார். மாமா உடனே ஒத்துக்கொண்டார். ஜெயிக்கப் போவது தான்தான் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். ஆபீஸ் கூட்டம் ஐந்து பேர், மண்டிக் கூட்டம் ஐந்து பேர், பதினோராவது ஆள் அம்மா. அவள் எனக்குத்தான் போடுவாள் என்று புருஷனும் நினைத்தார், தம்பியும் நினைத்தார்.

கல் மண்டபத்தில் ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் சாவடி அமைந்தது. ராஜா கோட்டைக்கு ஒரு பித்தளைச் சொம்பு, ராணிக் கோட்டைக்கு ஒரு தூக்குப் பாத்திரம். இரண்டின் மேலும் அப்பா துண்டு போட்டு மூடி, கை நுழையும் அளவுக்கு விலக்கிவிட்டார். வாக்குச் சீட்டுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மல்லாட்டை. கள்ள ஓட்டு விழாமல் இருக்க ஒவ்வொன்றின் இடுப்பிலும் தன் பேனாவால் நீல மையில் ஒரு புள்ளி வைத்தார். ஈரத் தோலில் மை பரவி ஒவ்வொரு புள்ளியும் ஒரு பொட்டு மாதிரி ஆகிவிட்டது. மிச்ச மல்லாட்டை இருந்த பையை முடிச்சுப் போட்டு, அதன்மேல் பெரிய கிளார்க்கின் சம்சாரத்தை உட்காரவைத்தார். விரலில் மை வைக்கவும் ஆசைதான். மாமி, அதாவது மாமாவின் சம்சாரம், மருதாணி வைத்த விரலை நீட்ட முடியாது என்று சொல்லிவிட்டாள்.

ஒவ்வொருவராகத் தூணுக்குப் பின்னால் போய் வந்தார்கள். பெரியவர்கள் அத்தனை பேரும் அவ்வளவு கடுமையான முகத்தோடு நடந்ததை நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அம்மா கடைசி. போனவள் கொஞ்சம் தாமதித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். வெட்கம் என்று நினைத்தோம்.

அப்பா சொம்பைக் கவிழ்த்து எண்ணினார். ஐந்து. தூக்கைக் கவிழ்த்து எண்ணினார். ஐந்து. பிறகு இரண்டையும் குலுக்கினார். துண்டை உதறினார். தூணுக்குப் பின்னால் குனிந்து தேடினார். கொடுத்தது பதினொன்று, வந்தது பத்து. தேர்தல் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கணக்கில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்று. அப்பாவின் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"சமம். சீட்டுக் குலுக்கிடலாம்" என்றார்.

"இன்னா சமம்?" என்றார் மாமா. "ஒண்ணு காணோமே. குடுத்ததும் நீங்க, எண்ணுனதும் நீங்க. எங்க அக்கா சொம்புலதான் போட்டிருக்கும். சொம்புல ஆறு இருந்திருக்கும். அஞ்சு எப்பிடி ஆச்சு?"

"மச்சான், பாத்துப் பேசு."

"பாத்துக்கினுதான பேசறேன். அக்கா, நீயே சொல்லு. எதுல போட்ட?"

அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். "ஓட்டை வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்க மாமாதானே சொன்னாரு" என்றாள்.

அதற்குமேல் அவளை ஒருவரும் கேட்கவில்லை. மண்டிக்காரர்கள் ராஜா கோட்டைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆபீஸ்காரர்கள் ராணிக் கோட்டைக்கு. அம்மாவும் மாமியும் சின்னப் பிள்ளைகளோடு குளத்தங்கரையில் தங்கினார்கள். நான் அப்பாவோடு போனேன்.

அந்த ஏற்றத்தில் அப்பா முன்னால் வேகமாகப் போய்க்கொண்டே இருந்தார். பாறை சுட்டது. என் கேன்வாஸ் ஷூவின் அடி பிய்ந்து ஒவ்வொரு படியிலும் தட்டிக்கொண்டு வந்தது. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. எதிர்மலையில் மாமாவின் கூட்டம் எறும்பு வரிசை மாதிரி போய்க்கொண்டிருந்தது. யாரோ துண்டை ஆட்டினார்கள். பெரிய கிளார்க்கு பதிலுக்குக் கையை ஆட்டப் போய், அப்பாவைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். கீழே குளத்தங்கரையில் அம்மாவின் புடவை மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது. நாங்கள் இறங்கி வந்தபோது அவள் காலை நீட்டி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தோல் குவியல். வீட்டில் அவள் அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வெயில் சாய்ந்த பிறகு மண்டிக்காரர்கள் வந்தார்கள். மாமா வரவில்லை. பின்னால் மெதுவாக வருகிறார் என்றார்கள். துருவித் துருவிக் கேட்டதும்தான் உண்மை வந்தது: பாதி வழியில் கால் பிசகிவிட்டது, கோயில் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார், பஸ்ஸை விடக் கூடாதே என்று இவர்கள் இறங்கிவிட்டார்கள். மாற்றத்துக்காகக் காலையில் தோளோடு தோள் நின்றவர்கள் சாயங்காலம் பஸ் நேரத்தைப் பார்ப்பதை அதற்கப்புறம் எத்தனையோ தேர்தல்களில் பார்த்துவிட்டேன்.

மாமி அழ ஆரம்பித்தாள். அம்மா அழவில்லை. பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அப்பாவிடம் வந்தாள்.

"அவன் வராம நான் பஸ்ஸு ஏற மாட்டேன். நீங்க போனா போங்க."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். பெரிய கிளார்க்கிடம் டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு, தூக்கில் தண்ணீர் மொண்டுகொண்டு, காலையில் வேண்டாம் என்று வாதாடிய மலையில் ஏறத் தொடங்கினார்.

நாங்கள் காத்திருந்தோம். கூட்டம் கரைந்தது. கரும்பு விற்றவன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனான். மலை கறுத்துக்கொண்டே வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வலிக்கும் அளவுக்குப் பிடித்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. மேலே ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது, மறைந்தது, கொஞ்சம் கீழே மறுபடி தெரிந்தது. அது இறங்கிக்கொண்டிருக்கிறது என்று உறுதியான பிறகுதான் பிடி தளர்ந்தது.

இரண்டு பேரும் வந்தார்கள். மாமாவின் கை அப்பாவின் தோள்மேல். கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. அப்பாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பேச்சுவார்த்தை முறிந்த இரண்டு கட்சிகள் அப்படித் தோளில் சாய்ந்து வருவதை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்ததும் மாமா அக்காவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"கால் போனாலும் போவுது மாமா," என்றார் அப்பாவிடம். "அந்த மல்லாட்டைய எங்க வச்சீங்க, அத்த மட்டும் சொல்லிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

பண்டிகைக்காக விட்டிருந்த ஸ்பெஷல் பஸ் ஒன்று கிடைத்தது. மாமா பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். எனக்கு முன்சீட்டில் அப்பாவும் அம்மாவும். அரைத் தூக்கத்தில் இருந்தேன். பஸ்ஸின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அப்பாவின் உள்ளங்கை விரிந்திருந்தது. அதில் ஒரு மல்லாட்டைத் தோல். தோலின் இடுப்பில் நீலப் பொட்டு. அப்பாவின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் வழியாக அதை வெளியே எறிந்தார்.

நண்பர்களே, இதற்குமேல் என்ன சாட்சியம் வேண்டும்? நான் பிற்காலத்தில் எத்தனையோ துறை விசாரணைகளுக்குக் குறிப்பு எழுதியவன். பொருள் யார் பொறுப்பில் இருந்தது? அவர் பொறுப்பில். காணாமல் போனதால் யாருக்கு ஆதாயம்? அவருக்கு, தோற்க வேண்டியவர் சமமாகிவிட்டார். பொருள் யார் கையில் காணப்பட்டது? அவர் கையில். கண்ணால் பார்த்த சாட்சி நான். அதைவிட முக்கியம், குற்றச்சாட்டை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. மாமா அதை விடவே இல்லை. காலில் கட்டு அவிழ்த்த பிறகு ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்து, "எண்ணி வாங்கிக்கங்க மாமா" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் சீரோடு அந்த மூட்டையும் வரும், அந்த வாசகமும் வரும். மாமா பேரூராட்சித் தேர்தலில் நின்று தோற்றபோதும், எண்ணுவதற்கு என் அப்பாவைக் கூப்பிட்டிருந்தீர்களா என்று மண்டியில் கேட்டுச் சிரித்தாராம். பந்தியில், கல்யாணத்தில், காதுகுத்தில், எங்கே அவித்த மல்லாட்டை வந்தாலும் ஒருவர் ஆரம்பித்துவிடுவார். அப்பா புன்னகையோடு வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார்.

அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. தலைப்புச் செய்தியில் வரும் எந்த முறைகேட்டையும் பார்க்கும்போது எனக்கு அந்த நீலப் பொட்டு ஞாபகம் வரும். அவ்வளவு நேர்மையான மனிதர், ஒரு மலையில் ஏறுவதற்காக, அதுவும் சின்ன மலையில். அரசியல்வாதிகளை நம் குழுவில் நீங்கள் திட்டும்போது நான் ஏன் பெரும்பாலும் சும்மா இருக்கிறேன் என்று மேலாளர் ஒருமுறை கேட்டார். காரணம் இதுதான். என் அப்பாவே செய்தார் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தலைநகராக்கிய வருடம், 1993-ல், அப்பா இறந்தார். நான் அப்போது புது மாவட்டத்துக்குக் கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மாமா திண்டிவனத்தில் இருந்து வந்து பாடையருகில் உட்கார்ந்து, "போனா போவுது மாமா, அந்தக் கணக்க நான் விட்டுட்டேன்" என்று சொல்லி அழுதார். அம்மா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெண்கள் கூட்டம் உள்ளே வந்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

இந்தத் தையில் மாமாவும் போய்விட்டார். அதனால்தான் போன மாதம் மலையில் என்னால் இந்தக் கதையைச் சொல்ல முடிந்தது. கதை முடிந்ததும், யார்தான் எடுத்தது என்று தலைமையாசிரியர் கேட்டார். எங்கப்பாதான் என்றேன். மேலே இருந்து இறங்கி வந்து பாதியில் சேர்ந்துகொண்ட மேலாளர், தண்ணீர் பாட்டிலைத் தலைமையாசிரியரிடம் நீட்டிக்கொண்டே, எல்லாக் காலத்திலும் அதிகாரத்தில் இருப்பவன் அப்படித்தான் என்றார். இரண்டு பேரும் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம் என் அப்பாவின் குற்றம்தான்.

அந்தத் தீர்ப்பைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது.

இப்போதைய தேர்தலில் ஓட்டுப்போடும் நாளன்று அம்மாவை ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். எண்பது தாண்டியவள். கண் தெரியாதவர்களும் நடமாட முடியாதவர்களும் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப்போகலாம் என்ற விதியை எடுத்துச் சொல்லி, நானும் உள்ளே வருகிறேன் என்றேன். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, நீ வெளியே நில் என்றாள். மறைப்புக்குப் பின்னால் போனவள் வர நேரமாயிற்று. அலுவலர் எட்டிப் பார்க்கலாமா கூடாதா என்று தவித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இயந்திரத்தின் நீண்ட சத்தம் கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். சிரிப்பு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் இல்லை.

"கடைசியா ஒரு பொத்தான் வச்சிக்கிறானே, அது இன்னாடா?"

"நிக்கற யாருக்கும் என் ஓட்டு இல்லன்னு சொல்றது. நோட்டா."

"அப்பிடிச் சொல்லலாமா?"

"இப்ப சொல்லலாம்."

ஆட்டோ கொஞ்ச தூரம் போனது. பிறகு மை வைத்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது அப்பவே இருந்திருந்தா நான் எதுக்குடா அந்த மல்லாட்டையத் திங்கப் போறேன்?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சொம்புல போட்டா உங்கப்பா மூஞ்சி விழும். தூக்குல போட்டா என் தம்பி மூஞ்சி விழும். எனக்கு எந்த மலையும் வேணாம். விடியக்காலம் எழுந்தது, பசி வேற. உடச்சித் தின்னுட்டேன். தோலை முந்தானையில முடிஞ்சிக்கினேன்."

"அப்பாவுக்கு..."

"பஸ்ஸுலயே குடுத்துட்டேன். அத்தப் பாத்துட்டு உங்கப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே. தம்பிகிட்டச் சொல்லிடுங்கன்னேன். ஒருத்தர் ஓட்ட ஆபீசரு இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அப்ப நான் சொல்றேன்னேன். வேணாம், அவன் என்னையே கேட்டுக்கினு இருக்கட்டும், உன்னக் கேக்க வேணாம்னாரு. அவர் போன அன்னிக்கே சொல்லணும்னுதான் இருந்துச்சு. ஆனா அவர் கட்டிக் காத்தத நான் எப்பிடி ஒடைக்கறது? இப்ப கேக்கறதுக்கு ஆரு கீறா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். கண்ணையும் துடைத்துக்கொண்டிருந்தேன். தோள்மேல் வெகுகாலமாக ஏறியிருந்த எதுவோ இறங்கிவிட்டது. வண்டி அப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்தது. அந்தக் குலுக்கல் எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

நிழலில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்று அன்றைக்கு ஒருத்தி வெளிப்படையாகச் சொன்னாள். அவளுக்குப் புருஷன் பக்கம், பிறந்த வீட்டுப் பக்கம் என்று இரண்டு பக்கங்கள்தான் இருக்க முடியும் என்று பத்துப் பேர் நினைத்தார்கள். பிற்பாடு அவள் மகனான ஒரு விசாரணை அதிகாரியும் நினைத்தான். எண்ணிப் பார்த்தால் கடைசியில் அவள் கேட்ட இடம்தான் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அந்தத் தேர்தலில் ஜெயித்தவள் அவள் ஒருத்திதான்.

வாக்குப் பதிவிலோ எண்ணிக்கையிலோ பணியாற்றும் எவரும் வாக்கின் ரகசியத்தைக் காக்க வேண்டும், வெளியிடக் கூடாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் பயிற்சி வகுப்பில் நானே உரக்க வாசித்துக் கையெழுத்து வாங்கிய விதி. அது மல்லாட்டைக்கும் பொருந்தும் என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அப்பா யோசித்திருக்கிறார். சாகும்வரை அதன்படி நடந்திருக்கிறார். தொடக்கத்தில் நான் சொன்ன சீட்டுக் குலுக்கும் பிரிவை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு எண்ண இன்னும் நாள் இருக்கிறது. எந்த மலை ஜெயித்தாலும் மேலாளரும் தலைமையாசிரியரும் மறுநாள் காலை மைதானத்துக்கு வர வேண்டும் என்பது என் கோரிக்கை. அம்மா எந்தப் பொத்தானை அழுத்தினாள் என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நீ ஆபீசரு மகன்தானா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அந்தக் கேள்வி நிலுவையில் இருக்கிறது. முந்தைய கேள்விக்குப் பதில் கிடைத்த தேதி: 2014 ஏப்ரல் 24, வியாழக்கிழமை.